பாச்சார் ஹூலியும் என் பேரனும்

ஆவணி கழிந்து புரட்டாசி பிறக்கும் நாள்களில் திட்டக்குடியில் உள்ளோர்க்கு வெள்ளாற்றில் தண்ணீர் வருமா என்பதே பேச்சு. எனக்கு மட்டும் வேறொரு கவலை. கடல் கடந்து, மெல்பர்ன் மாநகரில் ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதிச் சுற்றுகள் தொடங்கிவிடும். எந்த அணி நிலைக்கும், எது வீழும் என்று கணக்கிட்டபடி திண்ணையில் அமர்ந்திருப்பேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனுக்கு இந்த வயதில் இது தேவையா என்று வீட்டார் கேட்பதுண்டு. பதிலாகச் சிரித்து வைப்பேன்.

மெல்பர்ன் என்னும் பெயர் எனக்குச் சிறு வயது முதலே பழக்கம். 1956ஆம் ஆண்டு ஒலிம்பிக் அங்குதான் நடைபெற்றது. ஹைதராபாத்தின் செய்யிது அப்துல் ரஹீம் சாஹிப் பயிற்றுவித்த நம் கால்பந்து அணி, ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்று அரையிறுதிக்குச் சென்றது. நெவில் டிசௌசா மூன்று கோல்கள் அடித்தார். நான்காம் இடத்துடன் நம்மவர் திரும்பினர். மர்ஹூம் என் அத்தா இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. கோடையில் வறண்ட வெள்ளாற்று மணலில் வெறுங்காலுடன் பந்து உதைத்த எங்களுக்கு அதுவே காவியமாக இருந்தது.

என் மகள் மணமாகி அதே ஊரில் குடியேறுவாள் என்று அன்று யார் கண்டது! 2014ஆம் ஆண்டு மே மாதம் அங்குச் சென்று மூன்று மாதங்கள் தங்கினேன். பேரனுக்கு அப்போது எட்டு வயது. தமிழ் தடுமாறும், எனக்கோ அவனுடைய ஆங்கிலம் பாதிதான் விளங்கும். ஒரு மாலை அவன் ஒரு பந்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தான். அது உருண்டையாக இல்லை. இரு முனையும் கூர்ந்து வாத்து முட்டை போல் இருந்தது. அன்று முதல் எங்கள் இருவருக்கும் பேச ஒரு மொழி கிடைத்தது.

வாசகர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சற்றே விளக்க வேண்டும். நீள்வட்டத் திடல், களத்தில் பக்கத்துக்கு 18 பேர். இரு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். உதைத்த பந்து எவர் மீதும் படாமல் நடுக் கம்பங்களுக்கிடையே சென்றால் 6 புள்ளி. ஓரத்துக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே சென்றால் 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது; ஒரு கையில் ஏந்தி மறு கை முட்டியால் குத்தி அனுப்பலாம். கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர் 15 மீட்டருக்கு ஒரு முறை தரையில் தட்டியாக வேண்டும். முட்டை வடிவப் பந்து தட்டினால் எந்தப் பக்கம் எழும் என்று அல்லாஹ்வுக்கே வெளிச்சம்! உயரப் பந்தைப் பிடிப்பதற்கு எதிராளியின் தோளில் முழங்காலூன்றி எழும்புவார்கள். அதுவும் விதிக்கு உட்பட்டதே. இதன் விதிகள் 1859ஆம் ஆண்டு மெல்பர்னில் எழுதப்பட்டவை.

அந்த ஜூன் மாதத்தில், ரமலானுக்கு முன்னர், மருமகன் எங்களைப் பெருந்திடலுக்கு அழைத்துச் சென்றார். ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய இடம். ஆட்டத்தின் இடைவேளையில் அஸர் நேரம் வந்தது. என்ன செய்வது என்று நான் தயங்க, பேரன் என் கையைப் பிடித்து ஓர் அறைக்கு இட்டுச் சென்றான். தொழுகை அறை! மஞ்சளும் கறுப்புமான மப்ளர் அணிந்தவரும், எதிரணியின் நீல மப்ளர் அணிந்தவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்றனர். ஸலாம் கொடுத்ததும் அவரவர் இருக்கைக்கு ஓடி, மீண்டும் ஒருவரையொருவர் எதிர்த்துக் கூச்சலிட்டனர்.

அத்தகைய அறை வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் பாச்சார் ஹூலி. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். 1988இல் மெல்பர்னில் பிறந்தவர். எஸ்ஸண்டன் அணியில் தொடங்கி, 2011 முதல் ரிச்மண்ட் அணிக்கு ஆடினார். தொழுகையையும் நோன்பையும் மறைக்காமல், மது தொடாமல், அத்துறையின் உச்சத்தில் நின்றார். இஸ்லாமியப் பள்ளிப் பிள்ளைகளை இவ்விளையாட்டுக்கு அழைத்து வரும் பணியையும் மேற்கொண்டார். ஆகவே எங்கள் அணி ரிச்மண்ட் ஆயிற்று.

2017 ஜூன் இறுதியில் ஒரு சோதனை வந்தது. ரமலான் நிறைவடைந்த வாரம். கார்ல்டன் அணியுடன் நடந்த ஆட்டத்தில், தம்மைப் பற்றியிருந்த ஜெட் லாம்ப் என்பவரை உதற ஹூலி கையை வீசினார். அது முகத்தில் பட்டு லாம்ப் நினைவிழந்து வீழ்ந்தார். விசாரணை நடந்தது. பிரதமர் மால்கம் டர்ன்புல் ஹூலியைப் பற்றிக் கூறியிருந்த நற்சொற்களும், பத்திரிகையாளர் வலீத் அலீயின் சான்றும் முன்வைக்கப்பட்டன. அவருடைய நன்னடத்தையைக் கருதி இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் தடை விதித்தனர். லீக் நிர்வாகம் இதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் தடை நான்கு ஆட்டங்களாக உயர்ந்தது.

திட்டக்குடியில் இச்செய்தியைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம் பொங்கியது. நம்மவர் என்பதால்தானே இரட்டிப்புத் தண்டனை என்று தொலைபேசியில் மகளிடம் கொதித்தேன். பேச்சின் நடுவே பேரன் அதை வாங்கிக்கொண்டான். அப்போது பதினொரு வயது. "நன்னா, லாம்புக்கும் ஒரு நன்னா இருப்பாங்கதானே?" என்றான்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அன்று இஷா தொழுதுவிட்டு நெடுநேரம் பள்ளிவாசல் ஹவுள் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். தம் அருமை மகளாரே தவறிழைத்தாலும் சட்டம் ஒன்றுதான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய நிகழ்ச்சியை வகுப்பில் எத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னவன் நான்! நல்லவர் என்பதற்காகத் தண்டனையைக் குறைத்தால், நற்சான்று தர ஆளில்லாத இளைஞன் ஒருவன் அதே குற்றத்துக்கு முழுத் தண்டனையையும் அனுபவிப்பானே! அந்த மேல்முறையீடு சரியானதே என்பது இன்று என் துணிபு. ஹூலியும் வருந்தினார், தடையை முடித்துக்கொண்டு களத்துக்குத் திரும்பினார்.

அந்த ஆண்டே, செப்டம்பர் 30ஆம் நாள், ரிச்மண்ட் அணி அடிலெய்டை 48 புள்ளிகளால் வென்று, 37 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையைத் தொட்டது. அங்கே பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கிய ஆட்டம் இங்கே காலை பத்து மணிக்கு. பேரன் தன் கைபேசியைத் தொலைக்காட்சியின் முன் பிடித்துக்கொண்டான். ஆடுகிற படத்தில் பாதி கோல்களை நான் ஊகித்தே அறிந்தேன். 2019இலும், கொரோனாவால் பிரிஸ்பேனுக்கு இறுதி ஆட்டம் மாற்றப்பட்ட 2020இலும் மீண்டும் கோப்பை வந்தது. மூன்றிலும் ஹூலி ஆடினார். 2021இல் ஓய்வு பெற்றார்.

இவ்விளையாட்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒளிபரப்பின் இடையிடையே சூதாட்ட விளம்பரங்கள் வந்து விழும். சிறு பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில் இது என்ன நியாயம்? ஆடம் கூட்ஸ் என்னும் பூர்வகுடி வீரரை, 2014ஆம் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராக அறிவிக்கப்பட்டவரை, திடல் திடலாக ஏளனக் கூச்சலிட்டு 2015இல் ஓய்வு பெறும் நிலைக்குத் தள்ளியதும் அதே ரசிகக் கூட்டம்தான். லீக் மன்னிப்புக் கேட்டது 2019இல்.

எங்கள் அணியின் கதை இப்போது வேறு. 2024இல் அடெம் யூஸ் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு, இரண்டே வெற்றிகளுடன் 18 அணிகளில் கடைசி. 2025இல் கடைசிக்கு முந்தைய இடம். இறுதிச் சுற்றுக்குள் நுழையாத அணிக்கு செப்டம்பரில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? பேரனும் கல்லூரிப் பிள்ளையாகிவிட்டான். சனிக்கிழமை அழைப்புகள் மாதத்துக்கு ஒன்றாகி, பின்னர் பெருநாள் வாழ்த்தோடு நின்றன. தோல்வியைவிட அதுதான் எனக்குக் கசந்தது.

சென்ற வாரம் ஒரு நாள் மணி ஒலித்தது. எந்த அணிக்கு துஆ செய்கிறீர்கள் என்று கேட்டான். நமது அணி இல்லாத ஆட்டத்தில் யார் வென்றால் என்ன என்றேன். சிரித்தான். டிசம்பர் விடுமுறையில் திட்டக்குடி வருவதாகவும், 2014இல் தந்த பந்து இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டான்.

பந்து அலமாரியின் மேல்தான் இருக்கிறது. காற்று இறங்கிச் சுருங்கிவிட்டது. மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், பந்து இப்படிக் கோணிப்போச்சே?" என்று கேட்டார்.