மடியில் வந்தாலும் அதுவும் ஒரு பயணி

உவரி அந்தோணியார் கோவிலில் குழந்தைக்கு மொட்டை போட்டு நேர்ச்சையை முடித்த கையோடு, கணவர் வேலை பார்க்கும் வளைகுடா நாட்டுக்குக் கைக்குழந்தையுடன் தனியாகக் கிளம்பும் இளம் தாய்மார் இந்தக் கடற்கரையில் பலர் உண்டு. மடியில் வருவதால் குழந்தைக்குத் தனியாக என்ன வேண்டியிருக்கிறது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கும் சொந்த பாஸ்போர்ட் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை மட்டுமே ஏற்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பதியும்போது பெரும்பாலும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை வழியுண்டு. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று என்றிருந்தாலும் டிக்கெட்டில் வர வேண்டியது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு இன்னொரு வினை உண்டு. இனிஷியல் போட்டே பழகியவர்கள், விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் விசிட் விசாவில் வரக்கூடாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குழந்தைக்கு விண்ணப்பிக்கும்போதே அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் நிரப்பிவிடுங்கள்.

நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குப் போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளையை வெள்ளை வேட்டியில் மல்லாக்கப் படுக்கவைத்து, நேர் மேலிருந்து எடுத்தால் சுலபம். கண் திறந்திருக்க வேண்டும், பிடித்துக்கொள்ளும் கை படத்தில் விழக்கூடாது. பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் அனெக்ஷர் டி உறுதிமொழியும் தேவை. அப்பா வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலம் சான்றொப்பமிட்ட பிரமாணப் பத்திரத்தை முன்கூட்டியே வரவழைத்துக்கொண்டு, பிறகு திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் நாள் குறியுங்கள்.

குழந்தை வளைகுடாவிலேயே பிறந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்பது குடியுரிமைச் சட்டம். தவறினால் மத்திய அரசின் அனுமதி பெற்றே பதிய முடியும். வளைகுடா நாடுகள் அங்கே பிறந்த நம் பிள்ளைக்குத் தங்கள் குடியுரிமையைத் தருவதில்லை என்பதால், இந்த ஓராண்டுக் கெடுவை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது டிக்கெட். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு வேறொரு டிக்கெட் எனத் தனித்தனி பி.என்.ஆரில் எடுத்தால் செலவு குறையலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பச்சைக் குழந்தையோடு மீனம்பாக்கத்தில் நிற்க நேர்வதைவிட, ஒரே பி.என்.ஆரில் கூடுதல் பணம் கொடுத்து எடுப்பது மேல் என்பேன். இன்னொன்று: இரண்டு வயது நிரம்பும்வரைதான் மடிப் பயணம். போகும்போது 23 மாதம், திரும்பும்போது 25 மாதம் என்றால் திரும்பும் வழிக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும்.

12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் அப்பா அல்லது அம்மாவின் பக்கத்திலேயே இருக்கை தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. பிள்ளைக்கு வேறு வரிசை விழுந்திருந்தால் கவுன்டரிலேயே இந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள்.

மடிப் பயணத்தின் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சியூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் நொறுங்கியது. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். மடிக்குழந்தைகளைத் துணி சுற்றித் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வதே அன்றைய விதிமுறை. அப்படி வந்த நான்கு குழந்தைகளில் ஒன்று உயிரிழந்தது. அந்தச் சொல்லைத் தன் வாயால் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன், குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயமாக வேண்டும் எனப் பல்லாண்டு போராடினார். அங்கே இன்றும் அது கட்டாயமாகவில்லை. வசதி இருப்பவர்கள் தனி இருக்கை எடுத்து, கார் சீட்டை அனுமதிப்பார்களா என்று நிறுவனத்திடம் முன்பே கேட்கலாம். மற்றவர்கள் குழந்தை பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதன் வளையத்துக்குள் உங்கள் பெல்ட்டைக் கோத்து மாட்டிவிட்டு, பிறகு குழந்தையின் இடுப்பில் பூட்ட வேண்டும். உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்; விமானம் குலுங்கும்போது உங்கள் எடை முழுவதும் பிள்ளையின் வயிற்றில் அழுந்தும்.

காது வலி இறங்கும்போதுதான் அதிகம். தரையிறங்க அரைமணி இருக்கையில் தாய்ப்பாலோ புட்டியோ கொடுங்கள். பாலாடையில் புகட்டினாலும் விழுங்குவதால் காது திறக்கும். சளி, காதுநோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். பயணத்துக்குத் தேவையான பால், வெந்நீர், குழந்தை உணவுக்கு 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது. சோதனையில் முன்கூட்டியே எடுத்துக் காட்டுங்கள். கருவாட்டோடு ஆச்சி கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் போதைப்பொருள் கணக்கு, சிறைவரை கொண்டுபோகும். இருமல் மருந்துக்கு டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும்.

வளைகுடாவுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். இவ்வளவு நேரம் பறக்கும் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டியது ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் அறை. முன்னறிவிப்பில்லாமல் ரத்தானால் மாற்று விமானமோ பணமோ பெறலாம். அதோடு பறக்கும் நேரத்தைப் பொறுத்து 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. புயல் போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடைக்காது. இவை டிஜிசிஏ இந்திய நிறுவனங்களுக்கு விதித்தவை.

தள்ளுவண்டி உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பி.ஐ.ஆர். எனப்படும் உடைமைப் புகாரை எழுதி நகலை வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். நிறுவனம் பதில் தராவிட்டால் ஏர்சேவா செயலியில் பதியலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. குழந்தையின் பெயரில் தந்த போர்டிங் பாஸையும் தாமதம் பற்றி வந்த குறுஞ்செய்தியையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.