முப்பது வருடம் இங்கேயே இருந்தால் குடியுரிமை கிடைக்குமா?

வேலூரை அடுத்த மேல்மொணவூரில் ஓர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. முகாம் மக்களுக்குப் புது வீடு கட்டும் திட்டத்துக்கு 2021 நவம்பர் 2-ல் முதல்வர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டியது இங்கேதான். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை, ரேஷன், ஆதார் எல்லாம் உண்டு. அதிகாரிகள் முகாமில் ஆள் சரிபார்க்கும் தணிக்கை நாளில் மட்டும் வெளியூர் வேலைக்குப் போனவர்களும் ஓடிவந்து ஆஜராக வேண்டும். இத்தனை வருடம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள்.

எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது நம் சட்டத்துக்கு இரண்டாவது கேள்விதான். எப்படி வந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

கனடாவுக்குப் போன நம்மவர்கள் முதலில் ‘பி.ஆர்.’ என்ற நிரந்தர வசிப்புரிமை வாங்குவார்கள். பிறகு ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்தால் குடியுரிமைக்கு மனுப் போடலாம். சாதாரண ஆளுக்கு அப்படி ஒரு நடுப்படி இந்தியாவில் கிடையாது. 10 கோடி ரூபாய்க்குக் குறையாமல் முதலீடு செய்யும் வெளிநாட்டவருக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி தரும் திட்டம் 2016-ல் வந்தது. அது நமக்குச் சம்பந்தமில்லாத கதை.

1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டவர் ஏழு வருடம் இங்கே வசித்தபின் பதிவு மூலம் கேட்கலாம். இந்திய வம்சாவளியினருக்கும் ஏழு வருடம்தான். ஆனால் அவரோ, தாய் தந்தையரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குப் போன தாத்தா சேலத்துக்காரர் என்று சொன்னால் எடுபடாது. மற்றவர்கள் கடைசிப் பன்னிரண்டு மாதம் தொடர்ந்தும், அதற்கு முந்தைய 14 வருடத்தில் 11 வருடமும் இங்கே இருந்திருக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது, அந்தத் தேர்வில் முகாம்காரர்கள் தோற்க வாய்ப்பே இல்லை!

தடை வேறிடத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. அவருக்கு இந்த வழிகள் எதுவும் திறக்காது. உயிருக்குப் பயந்து தலைமன்னாரில் படகேறியவர் எந்த அலுவலகத்தில் விசா வாங்கியிருப்பார்?

முகாம்களில் பிறந்த பிள்ளைகளின் நிலை பிறந்த தேதியைப் பொறுத்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னும் கடுமை: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்தத் தேதிக் கணக்கை வைத்துத்தான்.

2019-ல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்குச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற தடையை நீக்கியது. இலங்கையைச் சேர்க்கவில்லை. சேர்க்காததற்கு நியாயமான காரணம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு தந்தது. வழக்குப் பயம் போனது, குடியுரிமை வரவில்லை.

ஆதார் இருக்கிறதே என்று யாரும் தெம்பாக இருந்துவிட வேண்டாம், அது குடியுரிமைச் சான்று அல்ல. முகாமில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால், முதலில் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பதியாமல் விட்டிருந்தால் தாமதப் பதிவுக்கும் வழி உண்டு.