தரிசுன்னு எழுதின இடத்துல ஓடுற கல்குருவி



மதுரையிலிருந்து திருநெல்வேலி போற நாலுவழிச் சாலையில் கயத்தாறு வரும். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். இப்போ காற்றாலை ஊர். போன மாசம் அங்கே ஒரு முள்ளுக்காட்டு ஓரமா பைக்கை நிறுத்தினேன். தரையில கிடந்த கல்லு ஒண்ணு திடீர்னு எழுந்து ஓடுச்சு. நின்னுச்சு. குனிஞ்சு எதையோ கொத்துச்சு. மறுபடி ஓட்டம்.

அதுதான் இந்தியக் கல்குருவி. புறாவைவிடச் சின்னது. செம்பழுப்பு உச்சி, கண் வழியா ஒரு கறுப்புக் கோடு, அதுக்கு மேல வெள்ளைக் கோடு, வெளுத்த நீளக் கால்கள். காலுக்கு மூணே விரல், பின்விரல் கிடையாது. கிளையைப் பிடிச்சு உட்காரவா போகுது? இது ஓடுற பறவை. அறிவியல் பெயரே கர்சோரியஸ் கோரமண்டலிகஸ். முதல் சொல்லுக்கு ‘ஓடுபவர்’ என்று பொருள். ரெண்டாவது நம்ம சோழமண்டலக் கரை.

சாப்பாடு? வண்டு, வெட்டுக்கிளி, கரையான். அதைத் துரத்திப் பிடிக்கக் குட்டைப் புல்லும் வெறும் தரையும் வேணும். கூடு கட்டாது. தரையில லேசான பள்ளத்தில் ரெண்டு, மூணு முட்டை. புள்ளி போட்ட கூழாங்கல் மாதிரியே இருக்கும். பெரும்பாலும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடும் காலம்.

பிரச்சினை இங்கதான். இந்த மாதிரி நிலத்தை நாம ‘தரிசு’ன்னு எழுதிடுறோம். வரி வராத நிலத்தை அப்படி ஒதுக்குற பழக்கம் பிரிட்டிஷ் காலத்தில் வேரூன்றியது. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட தரிசு நில அட்லஸிலும் புதர் நிலம் ஒரு தரிசு வகைதான். அதனால சோலார் பேனலுக்கோ வீட்டு மனைக்கோ இடம் தேடுறவங்க கண்ணுல முதல்ல படுறது இதுதான். நல்ல மனசோட நெருக்கமா மரம் நட்டாலும் கல்குருவிக்கு ஓட இடம் போச்சு.

நான் கோட் எழுதுறவன். டேட்டாபேஸ்ல ‘நல்’னு இருந்தா மதிப்பு பூஜ்யம்னு அர்த்தம் இல்ல, மதிப்பை இன்னும் யாரும் பதியலன்னு அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ரெண்டையும் குழப்பி ஒரு ரிப்போர்ட்டையே கெடுத்திருக்கேன். தரிசு விஷயத்துலயும் நாம பண்றது அதே தப்புதான்.

அடுத்த தடவை ஊர்ப்பக்கம் போனா, வண்டியைப் பாதையை விட்டு இறக்காதீங்க. சக்கரத்துக்கு முன்னாடி முட்டை இருக்கலாம். கல்லு ஏதாவது எழுந்து ஓடுச்சுன்னா, தூரத்துல நின்னு பாருங்க. இடம், தேதியோட இ-பேர்டில் பதிவு பண்ணுங்க. அந்தக் காலிக் கட்டம் கொஞ்சமாவது நிரம்பட்டும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.