வந்து சேர்ந்த வீணை உடைந்திருந்தால்

தஞ்சாவூரில் செய்த வீணை ஒன்றைக் கொள்ளேகாலில் வாழும் நம் வாடிக்கையாளர் ஒருவர் வரவழைக்கிறார் எனக் கொள்வோம். கொள்ளேகாலுக்கு ரயில் இல்லை. பொதி சாலைவழியேதான் ஊர் வந்து சேர வேண்டும். சத்தியமங்கலம் வழியாக வரும் லாரி திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்கிறது. வளைவுகளைவிட அஞ்சத்தக்கவை இடைக் கிடங்குகள். அங்கேதான் பொதிகள் இறக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மீண்டும் ஏற்றப்படுகின்றன. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. கடும் வெப்பத்தில் மெழுகு இளகினாலே மேளம் கெட்டுவிடும். ஒட்டு வீணையாயின் குடமும் தண்டியும் சேருமிடம் ஓர் அதிர்ச்சியில் விட்டுப்போகலாம்.

அவ்வாறு உடைந்து வந்தால் இழப்பீடு எவ்வளவு கிடைக்கும்? அந்தத் தொகை பெரும்பாலும் வீணை உடைவதற்கு முன்பே, பொதியை ஒப்படைக்கும் மேசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்தை முறைப்படுத்தும் 2007ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் 2011இல் வந்த விதிகளும் போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்புக்கு ஓர் எல்லை வகுத்துள்ளன. செலுத்திய கட்டணத்தின் பத்து மடங்கே அந்த எல்லை. அதுவும் அனுப்புகைப் படிவத்தில் அறிவித்த மதிப்பை மிஞ்சலாகாது. ₹40,000 விலையுள்ள வீணைக்கு ₹1,500 கட்டணம் செலுத்தியிருந்தால் அதிக அளவாக ₹15,000 கிடைக்கும். "எதற்கு வம்பு" என்று மதிப்பை ₹5,000 எனக் குறைத்து எழுதியிருந்தால் ₹5,000 மட்டுமே. முழு மதிப்புக்கும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டுமெனில், அதற்கென நிறுவனம் வகுத்துள்ள கூடுதல் இடர்க் கட்டணத்தைச் செலுத்த ஒப்புக்கொண்டு, அதை லாரி ரசீதில் குறிக்கச் செய்தல் வேண்டும். பட்டுச் சேலைப் பொதி அனுப்பிப் பழகிய கொள்ளேகால் வணிகர்களுக்கு இது புதிதன்று. வீட்டுப் பொருளை அனுப்புவோர்தாம் மறந்துவிடுகின்றனர்.

மைசூரு வரை ரயில் பார்சலாக அனுப்பி, அங்கிருந்து சாலைவழியே கொண்டுவர நினைப்போருக்கும் ஒரு சொல். மதிப்பை அறிவித்து அதற்குரிய விழுக்காட்டுக் கட்டணம் செலுத்தாவிடில், பார்சலுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு ₹50 மட்டுமே. பத்துக் கிலோ வீணைக்கு ₹500! ஒரு தந்திக் கட்டு வாங்கலாம்.

ஆகவே காப்பீடே நம்பத்தக்க துணை. உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டில் 'ஏ', 'பி', 'சி' என மூவகை உண்டு. 'சி' பிரிவு தீ, மின்னல் ஆகியவற்றுக்கே பொருந்தும். 'பி' பிரிவு வாகனம் மோதுதல், கவிழ்தல் போன்ற குறிப்பிட்ட விபத்துகளையும் சேர்த்துக்கொள்ளும். கிடங்கில் கை தவறி விழுந்து உடைந்த வீணைக்கு இவ்விரண்டும் உதவா. எல்லா இடர்களையும் தழுவும் 'ஏ' பிரிவே உதவும். அதிலும் போதிய கட்டுமானமின்றி அனுப்பிய பொருளுக்கு இழப்பீடு மறுக்கப்படும். எனவே சுரைக் குடுக்கையைக் கழற்றித் தனியே பொதிந்து, குதிரை நகராதவாறு செய்து, மரப்பெட்டியில் அடைப்பதை ஒவ்வொரு நிலையிலும் படமெடுத்து வைத்துக்கொள்வது நலம். பாட்டியார் வாசித்த பழைய வீணையாயின், அனுப்புமுன்பே கருவி செய்பவர் ஒருவரிடம் எழுத்துமூல மதிப்பீடு பெற வேண்டும். பாசத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் விலை தருவதில்லை.

பொதி வீட்டு வாசலுக்கு வந்ததும், கொண்டுவந்தவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அவர் எதிரிலேயே பெட்டியைத் திறத்தல் வேண்டும். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்னும் அச்சு வாசகத்தின்கீழ் வெறுமனே கையொப்பமிட்டால், பின்னர் வாதாடுவது கடினம். திறக்க விடாவிடில், "உள்ளே பார்க்கவில்லை, பெட்டியின் மூலை நசுங்கியுள்ளது" என்பதுபோல் கண்டதைக் கண்டபடி எழுதிக் கையொப்பமிடலாம். போக்குவரத்து நிறுவனத்திடம் சேதச் சான்று கேட்டுப் பெறுதல் வேண்டும். காப்பீட்டு ஆய்வாளர் பார்க்கும்வரை பெட்டியையும் வைக்கோலையும் வீசிவிடலாகாது. பிசின் வைத்து ஒட்டவும் கூடாது. தாமாக ஒட்டிய வீணையைச் செப்பமிடுவது கைவினைஞருக்கும் இருமடங்கு வேலை.

காலக்கெடுவே பலரைக் கைவிடுகிறது. 2008இல் கனடா நாட்டுப் பாடகர் டேவ் கேரலின் கிதார் யுனைடெட் விமானப் பயணத்தில் உடைந்தது. 24 மணி நேரத்துக்குள் முறையிடவில்லை என்று நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது. செப்பனிட 1,200 டாலர் செலவாயிற்று. மறு ஆண்டில் அவர் அதையே பாட்டாக்கி உலகைச் சிரிக்க வைத்தார். நம் அனைவருக்கும் பாட்டெழுத வராது. பன்னாட்டு விமானப் பயணத்தில் உடைமை சேதமுற்றால் 7 நாட்களுக்குள்ளும், சரக்காயின் 14 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் முறையிட வேண்டும். சாலைவழி நிறுவனத்துக்கு 180 நாட்களுக்குள் அறிவிப்பு சேர வேண்டும். இது பொதி வந்த நாளிலிருந்தன்று, பதிவு செய்த நாளிலிருந்தே எண்ணப்படும். ரயில்வேக்கு ஆறு மாதம். காப்பீடு இருப்பினும் இந்த அறிவிப்பைத் தவறவிடலாகாது. இழப்பீடு தந்த காப்பீட்டு நிறுவனம் அத்தொகையைப் போக்குவரத்து நிறுவனத்திடம் மீட்கும் உரிமையுடையது. அவ்வுரிமை நம்மால் கெட்டால் நம் இழப்பீடும் குறையக்கூடும்.

கருவியை விற்றவரே அனுப்பியிருந்து, அட்டை வழியாகப் பணம் செலுத்தியிருந்தால், முதலில் விற்றவருக்கு எழுதி, அவர் மறுத்தால் தாமதமின்றி அட்டை வழங்கிய வங்கியில் பரிவர்த்தனை முறையீடு பதிவு செய்யலாம். படங்களும் விற்றவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் அதற்குத் தேவைப்படும். யு.பி.ஐ. வழியாகச் செலுத்திய பணத்தை இவ்வாறு மீட்பது எளிதன்று. விலையுயர்ந்த கருவிக்கு முன்பணம் தருமுன் இதை எண்ணிப் பார்க்கலாம்.

எதற்கும் இணங்காவிடில் நுகர்வோர் ஆணையம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையிடுவோர் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்; தஞ்சாவூருக்கு அலைய வேண்டியதில்லை. கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும் பின்னர் மைசூரு மாவட்டத்திலும் இருந்த ஊர். பழக்கத்தால் இன்றும் சிலர் முகவரியில் மைசூரு என்றே எழுதுகின்றனர். முறையீட்டைச் சேர்ப்பிக்க வேண்டிய இடம் சாமராஜநகர் மாவட்ட ஆணையம். வழக்குக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிப் பார்க்கலாம்.