ஆற்று நீரின் அளவும் குணமும்

ஆற்றோரப் பஞ்சாயத்துக்களில் புதிய வாய்க்காலோ குடிநீர்த் திட்டமோ ஆலோசனைக்கு வரும்போது, "ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும்?" என்பதே முதற் கேள்வியாக இருக்கிறது. அது எத்தகைய தண்ணீர் என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்வாறு ஒன்றை மட்டும் பார்ப்பதால் நேரும் நஷ்டத்தை நொய்யல் நதிக்கரையில் கண்கூடாகக் கண்டோம்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் இந்நதியின் குறுக்கே, பாசனத்திற்கென 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை அமைந்தது. ஆனால் மேலே திருப்பூரில் பெருகிய சாயப்பட்டறைகளின் கழிவு அதில் வந்து தேங்கிற்று. துணியில் சாயம் பிடிப்பதற்காகச் சேர்க்கும் உப்பு பெரும்பாலும் கழிவு நீரிலேயே தங்கிவிடும். நிறத்தை நீக்கிச் சுத்திகரித்தாலும் உப்பு நீங்குவதில்லை. கீழ்ப்புறத்து நிலங்களும் கிணறுகளும் கெட்டன. அணை நீரால் பயனடைய வேண்டிய விவசாயிகளே நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. சொட்டுக் கழிவு நீரும் வெளிவிடாத ஏற்பாட்டைச் செய்து முடிக்கும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது.

இனி, அளக்கும் முறையைப் பார்ப்போம். நீரோட்டத்தை உத்தேசமாக அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. வளைவில்லாத 100 அடி நீளத்தைத் தேர்ந்து, அகலத்தையும், ஐந்தாறு இடங்களில் ஆழத்தையும் அளக்கவும். ஒரு தேங்காய் நெற்றை மிதக்கவிட்டு, அது 100 அடி செல்லும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிக்கவும். அகலம் 20 அடி, சராசரி ஆழம் ஒன்றரை அடி, நேரம் 80 விநாடி என்று கொள்வோம். மேல்நீர் அடிநீரைவிட விரைந்து ஓடுமாதலால், கிடைத்த வேகத்தில் நூற்றுக்கு 85 பங்கே கணக்கு. அதன்படி விநாடிக்குச் சுமார் 32 கன அடி வருகிறது. இதைக் கோடையிலும் செய்ய வேண்டும். ஐப்பசி வெள்ளத்தை மட்டும் அளந்து திட்டம் போடுவது வீண். பல ஆண்டுக் கணக்கு நீர்வளத் துறையினரிடம் இருக்குமாயின் அதையும் பெறுக. கீழேயுள்ள பழைய ஆயக்கட்டுக்கு உரிய பங்கைக் கழித்த பின்னரே மீதி நமக்கு.

விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடும் நீர் ஏறக்குறைய 24 லட்சம் லிட்டர் ஆகும். ஆளுக்கு 55 லிட்டர் வீதம் 44,000 பேருக்கு அது போதும். அதே நீரை வயலுக்கு இரண்டு அங்குல உயரம் பாய்ச்சினால், வழியில் கசிவே இல்லாவிடினும், 12 ஏக்கர்தான் நனையும். ஆகவே குடிநீருக்குச் சிறு அளவு போதும்; குணத்திலோ சிறிதும் தளர்வு கூடாது. கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை இந்தியத் தர நிர்ணயம் இடந்தருகிறது. மலக் கிருமிகள் அறவே கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது என்பதையும் மறக்கலாகாது.

வயலுக்கு 450 மில்லிகிராம் வரை கவலையில்லை. 2,000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. இடைப்பட்ட நீரில்தான் பலர் ஏமாறுகின்றனர். 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீரை இரண்டு அங்குலம் வீதம் பத்து முறை பாய்ச்சுகிறவர், ஏக்கருக்குச் சுமார் 2,000 கிலோ உப்பைத் தம் கையாலேயே கொட்டுகிறார்! நல்ல மழையும் வடிகாலும் உள்ள மணற்பாங்கான நிலம் அதைத் தாங்கும், களிமண் தாங்காது. உப்பில் சோடியம் மிகுந்திருந்தால் மண் இறுகி நீர் உள்ளிறங்காது. ஜிப்சம் இட்டுச் சீர்செய்யலாம், ஆனால் அந்நீரையே தொடர்ந்து பாய்ச்சினால் அச்செலவும் தொடரும்.

மாதிரி நீரைக் கரையோரத்தில் மொள்ளாமல், ஓட்டத்தின் நடுவில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே எடுக்க வேண்டும். புட்டியை அந்நீராலேயே மும்முறை அலசுக. கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வுக்கூடத்தார் தரும் புட்டியை அலசாமல் நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்ப்பிக்கவும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களிலும், பாசன நீராயின் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களிலும் சோதிக்கலாம். கோடையில் ஒன்று, முதல் மழை வந்ததும் ஒன்று, வெள்ளம் வடிந்த பின் ஒன்று என மூன்று மாதிரிகளாவது தேவை. எடுத்த நாள், இடம், அன்றைய நீரோட்ட அளவு ஆகியவற்றைச் சீட்டில் எழுதிப் புட்டியில் ஒட்டுக. சீட்டில்லாத புட்டி எந்த ஆற்றினுடையது என்று பிறகு எவராலும் சொல்ல இயலாது.