குழாய்த் தொழிலில் இறங்க விரும்பும் வாலிபர்களுக்கு

சங்கக் கணக்குகளைப் பார்வையிட நாம் செல்லும் ஊர்களில், வரவு செலவுப் பேச்சு முடிந்த பிறகு அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இப்போது மாறியிருக்கின்றன. நூல் வரத்து, தள்ளுபடி மானியம், பயிர்க்கடன் தவணை இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. “பையன் தறியில் உட்கார மாட்டேன் என்கிறான் ஐயா, பிளம்பர் வேலைக்குப் போகிறானாம், அனுப்பலாமா?” என்பதே அது. நெசவாளர் வீடுகளிலும் கேட்கிறார்கள். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம் வைத்திருப்போர் வீடுகளிலும் கேட்கிறார்கள்.

அனுப்பலாம் என்பதே நமது விடை. ஆயினும் எவ்வாறு அனுப்புவது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தொழிலில் நுழைகிற வாலிபர் கைதேர்ந்த தொழிலாளி ஆவாரா, அல்லது ஆயுள் முழுதும் பிறருக்குக் குழாய் சுமப்பவராகவே நின்றுவிடுவாரா என்பதை முதல் இரண்டு ஆண்டுகளே முடிவு செய்துவிடுகின்றன.

வேலை கிடைக்குமா என்ற ஐயம் வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது நாட்டின் கிராமப்புறங்களில் குழாய் இணைப்புப் பெற்றிருந்த வீடுகள் சுமார் 3 கோடியே 23 லட்சம். 2025-இல் அத்தொகை 15 கோடியைத் தாண்டியிருந்தது. பொருத்திய குழாய் ஒவ்வொன்றும் என்றாவது ஒரு நாள் ஒழுகத்தான் போகிறது. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகளை, அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் குடம் தண்ணீரை வீணாக்குகிறது. சொட்டு நீர்ப் பாசனத்துக்கு நம் மாநிலத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் கிடைப்பதால், வயல்களிலும் குழாய் பரவியிருக்கிறது. வடிகட்டியைக் கழுவவும், அடைத்துக்கொண்ட பக்கக் குழாய்களைச் சீர்செய்யவும் தெரிந்த ஆள் கிடைக்காமல் சுருட்டி வரப்பில் போட்டு வைத்திருக்கும் தோட்டங்களை நாம் கண்டிருக்கிறோம்.

தொழிலைக் கற்க இரு வழிகள் உண்டு. ஒன்று, தொழிற்பயிற்சி நிலையம். பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேறியவர் சேரலாம். தமிழக அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணமில்லை, மாதம் ரூ. 750 உதவித்தொகையும் உண்டு. முடித்தவருக்குத் தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்கும். அதன்பின் 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனத்தில் ஊதியத்துடன் பழகுநராகச் சேரலாம். இரண்டாவது வழி, தெரிந்த மேஸ்திரியோடு போய்க் கையாளாகப் பழகுவது. நம் ஊர்களில் பெரும்பாலோர் இவ்வழியே சென்றவர்கள். இரண்டில் எது சிறந்தது என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. இரண்டும் வேண்டும் என்பதே நாம் கண்டது. முதலில் ஓராண்டு நிலையம், பிறகு ஓராண்டு நல்ல கைக்குக் கீழே வேலை. சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவருக்குப் பழைய வீட்டுச் சுவருக்குள் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரியாது. மேஸ்திரியிடம் மட்டும் பழகியவரோ பத்தாண்டுகள் ஆன பிறகும், பெரிய கட்டிடத்தின் வரைபடத்தைக் கையில் கொடுத்தால் விழிக்கிறார்.

ஒரு செய்தியை இங்கே கூற விரும்புகிறோம். ஒடிசா மாநிலத்துக் கேந்திரபாரா மாவட்டத்தில் பட்டாமுண்டை என்னும் பகுதி இருக்கிறது. இந்தியாவின் பெருநகரங்களில் குழாய் வேலை செய்வோரில் மிகப் பலர் அப்பகுதியினர். ஆதியில் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்ற சிலர் தம்பியையும் மைத்துனனையும் அழைத்துக்கொள்ள, அவர்கள் தம் உறவினரை அழைத்துக்கொள்ள, இவ்வாறே ஒரு வட்டாரம் முழுவதும் ஒரு தொழிலைக் கைக்கொண்டது. இன்று அங்கே அரசினர் குழாய்த்தொழிற் பயிற்சி நிலையம் ஒன்றும் நடக்கிறது. தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைத்தொழில் செல்வதை நம் நெசவாளர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வேலையைப் பற்றிச் சிறிது சொல்வோம். குழாயை இணைப்பதுதான் தொழில் என்று புதிதாக வருவோர் எண்ணுகின்றனர். அது எளிதில் வந்துவிடும். அறுத்த முனையின் பிசிறை நீக்காமல் பசை தடவினால் ஆறு மாதத்தில் கசியும். பிளாஸ்டிக் திருகை இரும்புத் திருகைப்போல் முறுக்கினால் வெடிக்கும். வெந்நீர்க் குழாய்க்கு உரிய பசை வேறு, தண்ணீர்க் குழாய்க்கு உரியது வேறு. இவற்றையெல்லாம் மூன்று மாதத்தில் கற்கலாம். அறுந்த பாவு இழையைப் பிணைத்துப் பழகிய விரல்களுக்கு இதில் கஷ்டமே இராது.

கடினமானது தண்ணீரின் குணத்தை அறிவது. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் தரும். மாடியில் தொட்டி இருந்தும் மேல்தளத்துக் குளியலறையில் தண்ணீர் நூலாக வருகிறது என்று வீட்டுக்காரர் குறைப்பட்டால், குழாயைக் கழற்றுவதற்கு முன் தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பார்ப்பவரே தொழிலாளி. ஆறடிதான் என்றால் எந்தக் குழாயை மாற்றியும் பயனில்லை. தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது அழுத்தப் பம்பு வைக்க வேண்டும். இதை அறியாதவர் நான்கு பொருள்களை மாற்றிப் பணம் வாங்கிப் போவார். மறுமுறை அவரை யாரும் அழைப்பதில்லை.

கழிவுநீர்ப் பக்கம் இதைவிட நுட்பமானது. நான்கு அங்குலக் கழிவுக்குழாய் நாற்பதுக்கு ஒன்று என்னும் சரிவில், அதாவது பத்தடிக்கு மூன்று அங்குலம் இறங்கிச் செல்ல வேண்டும். பீங்கான் தொட்டியின் வளைவில் இரண்டு அங்குல நீர் எப்போதும் நின்று, சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. காற்றுக்குழாய் வைக்காத வீட்டில் அந்த நீர் உறிஞ்சப்பட்டு நாற்றம் ஏறும். இத்தனை நுட்பமிருந்தும் கழிவுக்குழாய் வேலை என்றாலே நம் வாலிபர்கள் கூசுகின்றனர். பெற்றோர் அதற்கு மேலும் கூசுகின்றனர். காரணம் எல்லோரும் அறிந்ததே. சாதியின் பெயரால் சில வேலைகளைச் சிலர்மேல் சுமத்தி, அவற்றை இழிவென்று பழித்த வழக்கம் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் நல்ல தண்ணீர் வேலை மட்டும் செய்வேன் என்பவருக்குப் பாதி வேலையே கிடைக்கும். தவிரவும் வீட்டாரின் ஆரோக்கியம் அந்த மறுபாதியில்தான் இருக்கிறது.

இதனினும் முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. குழாய் பொருத்த வந்த இளைஞரைப் பார்த்து, “அப்படியே இந்தத் தொட்டிக்குள்ளும் கொஞ்சம் இறங்கிப் பார் தம்பி” என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. மலக்குழிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. அங்கே தேங்கும் வாயு முதல் மூச்சிலேயே மயக்கிவிடும். காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் அப்படியே சாய்ந்த செய்திகளைப் பத்திரிகைகளில் ஓயாமல் படிக்கிறோம். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குரிய இழப்பீட்டை ரூ. 30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. வேலை போனாலும் போகட்டும், இறங்க மாட்டேன் என்று சொல்லும் துணிவைப் பெற்றோரே பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

இனிப் பண விஷயம். குழாய்ப்பிடி, பிடிகருவி, இரும்பறுக்கும் வாள், ரசமட்டம், அளவுநாடா, திருகுவெட்டும் அச்சு, துளைபோடும் இயந்திரம் ஆகியவற்றைச் சிக்கனமாக வாங்கினால் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். தொழிலைத் தொடங்குமுன் மோட்டார் சைக்கிளுக்குக் கடன் கேட்டு வரும் மனுக்கள் நம் பார்வைக்கு ஏராளமாக வருகின்றன. கருவிக்குக் கேட்டு வருபவை அபூர்வம். முதல் ஆண்டில் மேஸ்திரியின் கருவியிலேயே பழகட்டும். இரண்டாம் ஆண்டில் சங்கத்தின் சிறு கடனைப் பெற்றுச் சொந்தக் கருவி வாங்கட்டும். நிர்வாகக் குழுவினர் இத்தகைய மனுக்களை முன்னுரிமை கொடுத்துப் பரிசீலிப்பது நலம். 2023-இல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் கிடைக்குமென்று எண்ணிப் பலர் அலைகின்றனர். அதன் 18 தொழில்களில் குழாய்த் தொழில் இல்லை, நெசவும் இல்லை. வீண் அலைச்சல் வேண்டாம்.

மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குவதை எவ்வகையிலும் தவிர்க்க வேண்டும். மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கித் தலைமுறை தலைமுறையாகத் தறிக்குக் கட்டுண்ட குடும்பங்களின் கதை நம் வாசகர்களுக்குத் தெரியாததன்று. பெருநகரக் கட்டிடங்களில் ஒப்பந்தக்காரர் மூன்று மாதக் கூலியை நிறுத்தி வைத்து, வேலை முடிந்ததும் காணாமற்போவதும் அதே வகையைச் சேர்ந்தது. வாரக் கணக்கைக் குறித்துக் கையொப்பம் பெறும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இதற்கு ஓரளவு காவல். பதினெட்டு வயது நிரம்பியவுடன் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வது அதைவிடப் பெரிய காவல்.

ஒரே வட்டாரத்தில் இத்தொழில் கற்றவர்கள் பெருகும்போது, அவர்களே ஒரு தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கலாம். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சட்டப்படி வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இருபத்தைந்து பேர் சேர்ந்தால் பதிவுக்கு மனுச் செய்யலாம். ஊராட்சியின் குடிநீர்ப் பராமரிப்பு, பள்ளிக் கழிப்பறைப் பழுது போன்ற வேலைகளைத் தனியாள் கேட்பதைவிடச் சங்கம் கேட்பது கௌரவம். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் அவர்களுள் இருக்க வேண்டும். இல்லையேல் ஓராண்டில் சங்கம் கலைந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லி வைக்கிறோம்.

தொழிற்பயிற்சி நிலையங்களின் சேர்க்கை விண்ணப்பங்கள் பெரும்பாலும் பள்ளித் தேர்வு முடிவுகளை ஒட்டி, கோடையிலேயே பெறப்படுகின்றன. மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் பூர்த்தி செய்யத் தெரியாதவர்களுக்குச் சங்கக் காரியதரிசிகள் உதவ வேண்டுகிறோம்.