இன்சுலினோடு ஓர் ஆயுள் – 12: இறங்க மறுக்கும் மூன்று கிலோ

1922 ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தபோது அவள் எடை 45 பவுண்டு. நம் கணக்கில் இருபது கிலோ. பதினைந்து வயது நிறையச் சில நாள் பாக்கி. அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள், வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. டைப் 1 சர்க்கரை நோய்க்கு அன்று இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. டாக்டர் ஃபிரெடரிக் ஆலன் அளந்து கொடுத்த சாப்பாட்டில் மூன்று வருடம் உயிரைப் பிடித்துவைத்திருந்தாள். டாக்டர் பேண்டிங் இன்சுலின் போட ஆரம்பித்ததும் வாரத்துக்கு வாரம் உடம்பு தேறியது. 1981-இல், 73 வயதில்தான் அவர் காலமானார்.

எடை ஏறினால் பிழைத்துக்கொண்டோம் என்று வீடே கொண்டாடிய காலம் அது. அந்த ஏற்றம் தேவையைத் தாண்டியும் போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 உள்ள 1,441 பேரை வைத்து நடத்திய டிசிசிடி ஆய்வின் முடிவு 1993-இல் வெளியானது. கண்ணில் பாதிப்பு தொடங்காதவர்கள் சர்க்கரையைக் கறாராகக் கட்டுக்குள் வைத்தபோது, விழித்திரை கெடும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. அது பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் அப்படிக் கறாராக இருந்தவர்கள் ஐந்து வருடத்தில் மற்றவர்களைவிடச் சராசரியாக 4.6 கிலோ கூடுதலாக ஏறியிருந்தார்கள். மயங்கி விழுமளவுக்குச் சர்க்கரை இறங்குவதும் அவர்களுக்கு மூன்று மடங்கு இருந்தது. என்னைக் கேட்டால் இந்த இரண்டு சேதியையும் சேர்த்தே படிக்க வேண்டும். சிறுநீரில் வீணாகிக்கொண்டிருந்த சர்க்கரை உடம்பில் தங்கியது ஒரு காரணம். இறங்கும் சர்க்கரையை ஏற்றுவதற்காகச் சாப்பிட்டது இன்னொன்று. கடைசி மூன்று கிலோ ஒளிந்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

அது எப்படி என்று பார்க்கக் காதர்பேட்டைக்கு வாருங்கள். திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில், பனியனும் டி-ஷர்ட்டும் மூட்டை மூட்டையாக அடுக்கிய மொத்தக் கடைகள். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு லாட் லாட்டாக இங்கேதான் கைமாறும். கேரளத்து வியாபாரி, ஆந்திரத்து வியாபாரி, நைஜீரியாவிலிருந்து வந்தவர் என்று எல்லோரும் இங்கே வருவார்கள். சுற்றியுள்ள கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை. கடையில் நிற்பவர்களுக்கு அந்தக் கணக்கும் கிடையாது, கடைசிப் பார்ட்டி போனால்தான் ஷட்டர் இறங்கும்.

இப்படியொரு கடையில் பில் போடும் இருபத்தைந்து வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். டைப் 1. அரசு மருத்துவமனையில் வாங்கிய 30/70 கலப்பு இன்சுலின், காலை ஒன்று, இரவு ஒன்று. காலை எட்டு மணிக்குப் போட்ட ஊசியில் வேகமாக வேலை செய்யும் பகுதி பத்து, பதினொரு மணிக்கு உச்சத்தில் நிற்கும். மெதுவான பகுதி மதியம் வலுக்கும். பதினொரு மணி டீயையும் ஒரு மணிச் சாப்பாட்டையும் நம்பித்தான் அந்த அளவு எழுதப்பட்டது. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் ஒரு மணிக்கு யார் சாப்பிடப் போகிறார்கள்? மூட்டை லாரியில் ஏறி முடிய இரண்டரை ஆகும். அதற்குள் கை நடுங்கும், முதுகில் வியர்வை ஊறும், பில் புத்தகத்தில் எண்கள் மங்கும். பக்கத்தில் துணி மடிக்கும் அக்காவுக்கு இது பழகிப்போன காட்சி.

“ஏங்கண்ணு, மொகமெல்லாம் வாடிக் கெடக்குது. சுகர் எறங்கிருச்சா? இந்தா, பன்னத் தின்னு மொதல்ல.”

“சரிங்க்கா.”

பன்னோடு சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, நடுக்கம் நிற்காததால் இன்னொரு பன், கடையில் கிடந்த பிஸ்கட். சர்க்கரை இறங்கும்போது வருவது சாதாரணப் பசி அல்ல, உயிர்ப்பயம். அந்த நேரத்தில் எண்ணிச் சாப்பிடச் சொல்வது கொடுமை. ஆனாலும் எண் இதுதான்: 70-க்குக் கீழே இறங்கினால் தேவை 15 கிராம் குளுக்கோஸ், தலைதட்டி மூன்று தேக்கரண்டி. அது 60 கலோரி. டீயும் பன்னும் பிஸ்கட்டும் சேர்ந்தால் நானூறு தாண்டும். வாரத்தில் மூன்று நாள் இப்படி நடந்தால் ஏறத்தாழ ஆயிரம் கலோரி உபரி. இரண்டே மாதத்தில் ஒரு கிலோ. அந்தப் பெண் ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஊசி அளவை மாற்றாமல் இட்லியைக் குறைத்தால் நடு இரவில் சர்க்கரை இறங்கும், அப்போது சமையலறையில் கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குள் போகும்.

ஆகவே முதலில் குறைய வேண்டியது ‘லோ’, அதாவது சர்க்கரை இப்படி இறங்கிப்போவது. எந்தெந்த நேரத்தில் இறங்கியது, அதற்கு முன் என்ன சாப்பிட்டோம், எத்தனை யூனிட் போட்டோம் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் அங்கே இன்சுலின் அதிகம் என்று பொருள். கலப்பு ஊசியை விட்டு, நாள் முழுக்க ஒரே சீராக நிற்கும் ஊசி ஒன்றும் சாப்பாட்டுக்குச் சாப்பாடு சின்ன ஊசியுமாக மாறினால், மதியச் சாப்பாடு இரண்டரைக்குப் போனாலும் ஊசியும் அதோடு போகும். கடை வேலைக்குப் பொருந்துவது அதுதான். ஒரு நாளைக்கு நான்கு குத்து என்று பயப்படுகிறவர்களிடம், அந்த நான்கு குத்து பன்னிலிருந்து விடுதலை தரும் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, பலரும் பார்க்கத் தவறுவது. வயிற்றில் ஊசி போடும் இடத்தை விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். ரப்பர் போலத் தடிப்பாகப் படுகிறதா? கம்பெனி கழிப்பறையில் அவசரமாகச் சட்டையைத் தூக்கிப் போடுகிறவர்கள் கைக்கு வாகான, வலிக்காத ஒரே இடத்தில் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே கொழுப்புத் தடித்துவிடும். இன்சுலின் ஒரு நாள் தாமதமாகவும் ஒரு நாள் குபீரென்றும் ரத்தத்தில் சேரும். காரணமே தெரியாமல் ஏறி இறங்கும் சர்க்கரைக்குப் பல நேரம் இதுதான் காரணம். ஒரு எச்சரிக்கை: தடிப்பை விட்டு நல்ல தோலுக்கு மாறும் அன்று அதே யூனிட் அதிகமாகிவிடலாம். டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொண்டு மாறுங்கள்.

இனி, சொல்லவே மனம் பதறும் குறுக்குவழி. ஊசியைக் குறைத்தால் எடை குறையும் என்பதை டைப் 1 உள்ள பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ரத்தத்தில் 180-ஐத் தாண்டும் சர்க்கரை சிறுநீரில் கொட்டும். ஒரு நாளைக்கு 100 கிராம் போனால் 400 கலோரி. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அதற்கு முந்தைய மாதம் இந்த ஆசை வரும். பாஸ்டனில் ஜாஸ்லின் மையத்தில் சிகிச்சை பெற்ற 234 பெண்களைப் பதினொரு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-இல் வந்தது. இன்சுலினைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு மரண ஆபத்து மூன்று மடங்கு. வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது, மூச்சில் பழ வாடை இவையெல்லாம் கீட்டோன் ஏறிவிட்டதன் அடையாளம். அந்த நேரம் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது.

டைப் 2-க்குக் கொடுக்கும் டேபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையும் அப்படித்தான், சர்க்கரையைச் சிறுநீரில் கொட்டவைக்கும். காப்புரிமை முடிந்து 2020 முதல் விலை மலிந்துவிட்டது. பக்கத்து வீட்டு டைப் 2 மாமா இளைத்தார் என்று நீங்கள் வாங்கிப் போடாதீர்கள். டைப் 1 உடம்பில் மீட்டர் நல்ல எண் காட்டும்போதே கீட்டோன் ஏறிவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கொங்கு வீடுகளில் இருப்பதே போதும். அரிசிம்பருப்பு சாதத்தை ஒரு கரண்டி குறைத்து, கொள்ளுப் பருப்பையோ பச்சைப்பயறு கடைசலையோ ஒரு கரண்டி கூட்டினால் பசி தாங்கும். சாதம் குறைந்த அளவுக்கு ஊசியும் குறைய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நடப்பவர்கள் இரவுச் சாப்பாட்டு ஊசி உச்சத்தில் இருக்கும்போது நீண்ட தூரம் போக வேண்டாம். பளு தூக்கும் பயிற்சியை முதலில் செய்துவிட்டு அதன் பிறகு நடந்தால் சர்க்கரை அவ்வளவாகச் சரிவதில்லை. உழைத்த தசை ராத்திரி வரை சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த மூன்று கிலோ குறைந்தே ஆக வேண்டுமா என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23-க்குக் கீழே இருந்தால் போதும். 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது 55 கிலோ. 57 இருந்தால் குறைக்கலாம், அவசரமில்லை. 54 இருந்துகொண்டு 51-க்கு ஆசைப்பட்டால் விட்டுவிடுங்கள்.

இன்சுலினுக்கே வழியில்லாத பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு தகவல். கோவையில் டாக்டர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தொடங்கிய ‘இதயங்கள்’ அறக்கட்டளை டைப் 1 பிள்ளைகளுக்கு இன்சுலினை இலவசமாகத் தருகிறது. விசாரித்துப் பாருங்கள்.

காதர்பேட்டைக் கடைக்காரர்களுக்கும் கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை செய்கிறவர்களில் இன்சுலின் போடுகிறவர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடக் கழிப்பறை அல்லாத ஒரு மறைவிடமும், மருந்து வைக்கக் குளிர்ச்சியான ஓரிடமும் கொடுங்கள். ஒரு மணி ஆனதும் அவரைச் சாப்பிட அனுப்பிவிடுங்கள். லாரி அரை மணி நேரம் காத்திருக்கட்டும்.

(தொடரும்)